மணக்காத முதல் தாள்

அத்தியாயம் 4

காலை எட்டு மணிக்கே கஜந்தி எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். பின்னேரம் மூன்று மணிக்கு அவள்மீது விசாரணை. அதற்குள் தன் பெயரைக் காப்பாற்றித் தர வேண்டும் என்றாள்.

எங்கள் அறை என்பது உட்துறைமுக வீதியில் ஒரு வலைக்கடையின் மேல்மாடி. ஒரு மேசை, மூன்று கதிரை, பூட்டுப் போடாத ஓர் அலுமாரி. துப்பறிவாளர் சித்தி பரீதா எனக்கு ராத்தா, அதாவது அக்கா முறை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் பழைய கோப்பு அறையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் பொய் சொல்கிறாரா என்று அறிய ராத்தா முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் கொண்டுவந்த கடதாசியைத்தான் பார்ப்பார். நான் ஜவ்பர். பாலம் கட்டுவதற்கு முன்பு கிண்ணியாத் துறையில் படகில் ரிக்கெற் கிழித்தவன். இப்போது ராத்தாவின் முச்சக்கரவண்டிச் சாரதி, உதவியாளர், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

விஷயம் இதுதான். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கீழ்த்திசை அபிவிருத்தி வங்கி, சல்லிக் கடற்கரையில் குளிர் அறையோடு ஒரு படகுத்துறை கட்ட அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கப் போகிறது. அந்த இடத்தில் இப்போது ஐம்பத்திரண்டு பெண்கள் கருவாடு காய வைக்கும் வாடி இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்து, சம்மதம் கேட்காமல் கடன் கொடுக்கக் கூடாது என்பது வங்கியின் விதி. கூட்டம் நடந்ததாகக் கோப்பில் மூன்று தாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணி, நகரத்தில் குளிரூட்டிய மண்டபம், ஐம்பத்திரண்டு பெண்களும் வந்தார்கள், ஐம்பத்திரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு ஒருத்தியும் போகவில்லை, ஐம்பத்திரண்டு கையெழுத்தும் பொய் என்று சல்லிப் பெண்கள் முறைப்பாடு எழுதிவிட்டார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் என்று தாளில் இருப்பது கஜந்தியின் பெயர். லிங்கநகர்ப் பிள்ளை. ஆறு வருடமாக ஆறு மாத ஒப்பந்தங்களில் அந்த வங்கிக்கு வெயிலில் திரிந்தவள். போன மாதம்தான் வெளிநாட்டுத் தலைமையகத்தில் நிரந்தர வேலைக்குத் தெரிவாகியிருந்தாள். குற்றம் உறுதியானால் அந்த வேலை போகும். அதோடு உலகத்தில் உள்ள இப்படிப்பட்ட வங்கிகள் எல்லாம் தங்கள் கறுப்புப் பட்டியலைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றனவாம். எங்கும் அவளுக்குக் கதவு திறக்காது.

கழுத்தில் பச்சைப் பட்டியில் அடையாள அட்டை தொங்கியது. ஒப்பந்தக்காரருக்குப் பச்சை, நிரந்தரமானவர்களுக்கு நீலம் என்று விளக்கம் சொன்னாள். எங்கள் ஊரில் மாட்டுக்குக் காதில்தான் அடையாளம் குத்துவார்கள் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் தேநீர் வைக்க எழும்பினேன்.

கூட்டம் வைத்தாளா என்று ராத்தா கேட்டார். இல்லை என்றாள். அந்தத் தாள்களைப் பார்த்தாளா என்று கேட்டார்.

"கண்ணாலயும் காணேல்லை மெடம். கோப்பு முழுக்க இராகுலன் சேரின்ர கையிலதான் இருந்தது. பன்னிரண்டு கையெழுத்துக்காக என்ர ஆறு வருசமும் போகப் போகுது."

இராகுலன் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த அலுவலர். கடனுக்கு வங்கியின் சபையில் திகதி குறித்த கையோடு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இப்போது தலைமையகத்தில் இருந்துகொண்டு, மக்களின் பங்கேற்பைப் பெறுவது எப்படி என்று இளம் அலுவலர்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். அதைக் கேட்டதும் நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ராத்தா தன் குறிப்புக் கொப்பியில் ஏதோ ஒரு வரி எழுதி மூடினார்.

*

விசாரணை அதிகாரி இராசையா, துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஹோட்டலில் கூட்ட அறையை எடுத்திருந்தார். கதவைத் திறந்ததும் எலும்பு வரை குளிர். இந்தக் குளிரில் மீன் ஒரு கிழமை கிடக்கும், பிறகு எதற்குச் சல்லியில் குளிர் அறை என்று ராத்தாவின் காதில் சொன்னேன். மேசையில் வெட்டிய வத்தகப்பழமும் கேக்கும் மூன்று தட்டில் கிடந்தன. ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. சுவரில் ஒரு பெரிய படம். சல்லிப் பெண் ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு சிரிக்கிறாள். அவளுக்குப் பெயர் போடவில்லை, வங்கியின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

இராசையா நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார். இருபத்தைந்து வருடச் சேவை, பதினொரு நாடு, இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. மூலத் தாள்களைப் பத்து நிமிடம் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது என்றார். தாள்களை எடுக்க அவர் பெட்டியைத் திறந்தபோது, உங்கள் வங்கியில் பதவி எப்படி உயரும் என்று சும்மா கேட்டு வைத்தேன். ஒரு கடனுக்குச் சபையில் திகதி விழுந்தால் அதைக் கொண்டுவந்தவர் ஒரு படி ஏறுவார் என்றார். கட்டிய பிறகு அது சரிவராமல் போனால் என்று கேட்டேன். அதற்குள் அந்த அலுவலர் வேறு நாட்டில் இருப்பார் என்று புன்னகையோடு சொன்னார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று தாள். முதல் தாளில் தலைப்பும் பன்னிரண்டு பெயரும். மற்ற இரண்டிலும் தலைப்பு இல்லை, தாளுக்கு இருபது பெயர். ராத்தா முதல் தாளைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். இரண்டாவதை மணந்தார், மூன்றாவதை மணந்தார். இராசையாவின் புருவம் மேலே போனது.

ராத்தா மூன்றையும் என்னிடம் நீட்டினார். "மணந்து பாத்துச் சொல்லு."

"முதலாவதில ஒண்டும் இல்லை ராத்தா. மற்ற ரெண்டையும் மணந்தால் சோறு கேக்குது."

கருவாட்டு மணம். நல்ல சூடை மீன் கருவாடு. இரண்டாம் தாளின் ஓரத்தில் ஒரு செதிலும் காய்ந்து ஒட்டியிருந்தது. இராசையா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பத்து நிமிடம் முடிந்தது என்றார்.

*

உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவுப் பக்கம் திரும்பிச் சல்லிக்குப் போகும்போது பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. கமலாதேவி அக்கா பரணில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தடிகள் நட்டு, மேலே பழைய வலை விரித்த பரண். வரிசையாக ஐம்பத்திரண்டு குடும்பத்தின் பரண்கள். முறைப்பாட்டில் முதலில் பெயர் போட்டவர் இவர்தான். நாற்பது வயது தொடங்கித் தனியாக நான்கு பிள்ளைகளை அந்தப் பரணிலிருந்து வளர்த்தவர் என்று பக்கத்துப் பரண்காரி சொன்னாள்.

ராத்தா கூட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நகரத்தில் ஒரு மண்டபத்துக்குப் போவதென்றால் எப்படிப் போவீர்கள் என்று மட்டும் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முழுகி, சீலை மாத்தி, பவுடரும் போட்டுத்தான் மிஸ் போவம். இந்தக் கையோட மண்டபத்துக்குள்ள போறதே? எங்களுக்கே வெக்கம்."

அப்படியென்றால் இந்தக் கையோடு எப்போதாவது, எந்தத் தாளிலாவது கையெழுத்து வைத்தீர்களா என்று ராத்தா கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. பரண் எண்ண வந்த அன்று வைத்தோம் என்றார். கஜந்திப் பிள்ளை இரண்டு நாள் இந்த வெயிலில் நின்று ஒவ்வொரு பரணையும் அளந்து எழுதியதாம். இங்கிருந்து எழுப்பினாலும் இதே அளவு இடம் வேறெங்காவது தர வேண்டும், அதற்கு இந்தக் கணக்கு வேண்டும் என்று சொன்னதாம். பரணடியிலேயே தாளை நீட்டியது, புரட்டிக்கொண்டிருந்த கையோடேயே எல்லாரும் வைத்தார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று வாசித்தீர்களா என்று நான் கேட்டேன்.

"தாள் நீட்டினால் வைக்கிறதுதானே தம்பி. சுனாமியில இருந்து வைச்சுக்கொண்டுதான் இருக்கிறம். அரிசிக்கு வைச்சனாங்கள், தறப்பாளுக்கு வைச்சனாங்கள், வீட்டுக்கு வைச்சனாங்கள். வாசிச்சுக்கொண்டு நிண்டால் பின்னுக்கு நிக்கிறவள் ஏசுவாள்."

வண்டிக்குத் திரும்பும்போது எனக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பரண் கணக்கெடுத்த மூன்று தாளில் முதல் தாளைக் கிழித்துவிட்டு, கூட்டம் என்று தலைப்புப் போட்ட புதுத் தாள் ஒன்றை மேலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு கையெழுத்துத்தான் பொய். மற்ற நாற்பதும் உண்மை, ஆனால் வேறு விஷயத்துக்கு வைத்தது. இராகுலன் மாட்டினார், பிள்ளை தப்பினாள் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ராத்தா உப்புவெளிச் சந்தி வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"முறைப்பாட்டில எத்தனை கையெழுத்துப் பொய் எண்டு கிடக்கு?"

"அம்பத்திரண்டு."

"பன்னிரண்டு மட்டும்தான் பொய் எண்டு எங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான், சல்லியில."

ராத்தா கொப்பியைத் திறந்து காலையில் எழுதிய வரியைக் காட்டினார். கஜந்தி சொன்னது: பன்னிரண்டு கையெழுத்து. தாளைக் கண்ணாலும் காணாத பிள்ளைக்கு அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேன். அதற்குப் பிறகு ஹோட்டல் வரும்வரை எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

*

கஜந்தி ஹோட்டல் வாசலில் வாகை மரத்தடியில் நின்றாள். ராத்தா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

"பன்னிரண்டு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது பிள்ளை?"

அவள் துறைமுகத்தைப் பார்த்தாள். ஒரு சீமெந்துக் கப்பல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு புதன்கிழமை இராகுலன் தொலைபேசியில் கூப்பிட்டார். திங்கட்கிழமை சபையின் பரிசீலனைக்குக் கோப்புப் போக வேண்டும், கூட்டத் தாள் இல்லை, அவளுடைய ஒப்பந்தமும் முப்பதாம் திகதி முடிகிறது என்றார். எழுது என்று சொல்லவில்லை. நீங்கள் கெட்டிக்காரி, ஒரு வழி பார்ப்பீர்கள் என்று மட்டும் சொன்னார். அவள் அலுவலகத்தில் தனியாக இருந்து, உண்மையான முதல் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு பெண்களின் கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஒரு மணித்தியாலம் எடுத்ததாம். பிறகு உண்மைத் தாளைக் கிழித்தாள். இராகுலன்மீது குற்றத்தைப் போடத்தான் எங்களிடம் வந்தாள்.

"அவர்தான் செய்விச்சவர் மெடம். அவற்ற பேரைச் சொல்லுங்கோ. என்ர கையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவளை நினைத்தா, தலைமையகத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரை நினைத்தா என்று பிரிக்கத் தெரியவில்லை. சொல்லாமல் செய்விக்கும் கலையை எந்த வகுப்பில் படிப்பிக்கிறார்களோ தெரியாது.

ராத்தா குரலை உயர்த்தவில்லை. நான் மணந்ததை நான் சொல்வேன் என்றார். அவள் கை செய்ததை அவள்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த இரண்டு தாளும் பரண் கணக்கு, கூட்டம் அல்ல என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டமே இல்லை என்றாகிவிடும், கடன் நிற்கும், வாடியை ஒருவரும் தொட ஏலாது. அந்தக் கையெழுத்துகளை வாங்கியவள் அவள் என்பதால், வங்கிக்குள் அதைச் சொல்லக்கூடியவளும் அவள் ஒருத்திதான்.

அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்றா, இல்லை என்றா என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்று மணிக்கு இராசையா எங்களை உட்கார வைத்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டார். ராத்தா தாள்களின் கதையைச் சொன்னார். முதல் தாள் அலுவலகத்தில் பிறந்தது, மற்ற இரண்டும் பரணடியில் பிறந்தவை என்றார். முழுகி சீலை மாற்றிக்கொண்டு வரும் பெண்கள் குளிரூட்டிய மண்டபத்தில் வைத்த கையெழுத்தில் சூடைச் செதில் எப்படி ஒட்டும் என்று கேட்டார். மனிதர் கவனமாகத்தான் கேட்டார். பேனை மட்டும் மூடியபடியே கிடந்தது.

"வாசத்தைக் கோப்பில இணைக்க ஏலாது மெடம்" என்றார்.

பிறகு தானே தீர்ப்பை எடுத்து வைத்தார். முதல் தாளில் ஏதோ குழப்பம் இருப்பதை ஒப்புக்கொள்கிறாராம். தாள் மாறியிருக்கலாம், அது ஒரு கோப்புப் பிழை, ஒருவரின் குற்றமும் இல்லை. அந்தப் பன்னிரண்டையும் தள்ளிவிட்டாலும் நாற்பது கையெழுத்து மிஞ்சுகிறது. பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்பதுதான் விதி. கஜந்திமீது ஒரு குற்றமும் இல்லை என்று இன்றே எழுதிவிடலாம். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். நியமனக் கடிதம். மேலே சுருட்டிக் கட்டிய ஒரு நீலப் பட்டி. நாங்கள் வரும் முன்பே எல்லாவற்றையும் தயாராக்கி வைத்திருந்திருக்கிறார்கள். இந்த விசாரணையில் துப்பறிய ஒன்றுமே இருக்கவில்லை.

"ஒரு கேள்விதான் மகள். அந்த நாப்பதும் கூட்டத்தில வைச்சதுதானே?"

கஜந்தி ராத்தாவைப் பார்த்தாள். சுவரில் சிரித்த பெண்ணைப் பார்த்தாள். கடைசியில் மேசையைப் பார்த்தாள்.

"ஓம் சேர்" என்றாள்.

பேனை திறந்தது.

*

படிக்கட்டில் அவள் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, உறை கையில் இருந்தது. உள்ளுக்குப் போனால்தான் எதையும் மாற்றலாம், வெளியே நின்று கத்தி என்ன பயன் என்று மூச்சு விடாமல் சொன்னாள். இராசையாவும் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு இதே வசனத்தோடுதான் உள்ளே போயிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் திட்டவில்லை.

ராத்தா அவளுடைய தோளைத் தொட்டார்.

"நீங்க கேட்டு வந்தது கிடைச்சிட்டுது பிள்ளை. உங்கட கேஸ் முடிஞ்சுது. இனி நான் சல்லிப் பொம்பிளையளுக்கு ஒரு கடதாசி எழுதிக் குடுக்கப் போறன். அதில உங்கட பேர் இருக்கும். முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுப் போறன்."

பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிட வங்கியின் தலைமையகத்தில் தனியாக ஒரு குழு இருக்கிறது. இராசையாவுக்கும் இராகுலனுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குழு விசாரிக்கத் தொடங்கினால் கடன் நிறுத்தி வைக்கப்படும். அந்த விலாசத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது என் கைப்பேசி. கடிதத்தை வண்டியின் பின்ஆசனத்தில் இருந்தே ராத்தா எழுதி முடித்தார். பள்ளத்தில் விடாதே என்று என்னை நான்கு தரம் ஏசினார்.

சல்லியில் வெயில் இறங்கியிருந்தது. பெண்கள் கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கமலாதேவி அக்கா எங்களைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார். வாடியைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"பிள்ளையின்ர வேலைக்கு ஒண்டும் வரேல்லையே?"

ஒன்றும் வரவில்லை, நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று ராத்தா சொன்னார். அக்காவின் முகம் அப்படியே விரிந்தது. திரும்பிப் பக்கத்துப் பரண்காரியிடம் சொன்னார். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். இந்த வெயிலில் நின்று எங்கள் பரணை எண்ணின பிள்ளை, அம்மன் கைவிட மாட்டாள் என்று ஒருத்தி கும்பிட்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ராத்தா கடிதத்தை எடுத்தார். வாடியைக் காப்பாற்ற இது ஒன்றுதான் வழி, ஐம்பத்திரண்டு பேரும் வைக்க வேண்டும் என்றார். அக்கா உடனே பேனையை வாங்கினார்.

"எந்த இடத்தில மிஸ்?"

ராத்தா தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாசிச்சுப்போட்டு வையுங்க."

அக்கா எங்களை விநோதமாகப் பார்த்தார். பின்னுக்கு வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் பரணில் சாய்ந்துகொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து, வாயசைத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் மூன்று வரி வேகமாகப் போனது. நான்காவது வரியில் விரல் நின்றுவிட்டது. அதே வரியை இரண்டாம் தரம் வாசித்தார். பின்னால் நின்றவளின் முணுமுணுப்பும் அடங்கியது.

பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இந்தப் பேரை எழுதாமல் ஏலாதோ?"

"ஏலாது அக்கா" என்றார் ராத்தா. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் எப்படி வந்தன என்று சொல்ல முடியாது, சொல்லாவிட்டால் வாடி போய்விடும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். வைக்க விருப்பமில்லை என்றால் வைக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

கமலாதேவி அக்கா தன் பரணை ஒருதரம் பார்த்தார். கையெழுத்தை வைத்தார். பேனையை அடுத்தவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினார்.